கேட்டால் சொல்லியிருப்போம்

என் கணவன் ஓஸ்மோ போன நவம்பரில் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தான். மே மாதம் பிறந்தும் எழுந்த பாடில்லை. சாப்பிட எழுந்தான், தூங்க எழுந்தான். அதையெல்லாம் எழுந்ததாகவே நான் சேர்த்துக்கொள்வதில்லை. முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்த காகித ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் தபால் பெட்டியைத் தாண்டி அவன் ஓரடி வைக்கவில்லை. பிப்ரவரியில், சனிக்கிழமைதோறும் சவுனா என்கிற நீராவிக் குளியலறையைச் சூடாக்குவதையும் விட்டுவிட்டான். ஒரு ஃபின்லாந்துக்காரன் சவுனாவை விட்டான் என்றால் கூட இருப்பவர்கள் பயப்பட வேண்டும். நான் பயந்தேன்.

நான் தைமி. தாம்பரே நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். பதினெட்டு மீட்டர் நீளம், நடுவில் மடிகிற பஸ். இருபத்தோரு வருடத்தில் ஒரு கண்ணாடிகூட உடைத்ததில்லை. எனக்கு வாய் நீளம் என்று டிப்போவில் சொல்வார்கள். இந்த ஊரில் வேறு யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுவது பெரிதாகக் கேட்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் மாதம் ஒரு நாள், சாலைக்கு எதிர்ப்புறத்து வீட்டில் படகின் மேல் போட்டிருந்த தார்ப்பாயிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுந்தது. ஓஸ்மோ ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பாகிட்ட அந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சு."

நான் எதுவும் கேட்காமலே அவனாகச் சொன்னான். நான்கு மாதத்தில் அவனாகப் பேசிய முதல் வாக்கியம் அது. கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றேன். இன்னொரு வாக்கியம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. ஆனால் அன்றே தீர்மானித்துவிட்டேன். படகு வாங்குகிறோம். இந்த மனிதனை அந்த நாற்காலியிலிருந்து கிளப்ப அது ஒன்றால் முடியாவிட்டால் வேறு எதனாலும் முடியாது.

எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் பிறந்தது மேற்கே, கண்ணுக்கெட்டியவரை உழுத வயலாகக் கிடக்கும் தட்டை நிலத்தில். அங்கே தண்ணீர் என்றால் வாய்க்கால்தான். ஓஸ்மோவோ ஏரிக்கரையில் வளர்ந்தவன். ஃபோனில் விளம்பரங்களைத் தேடி அவனிடம் காட்டினேன். எல்லாவற்றுக்கும் "ம்ம்" என்றான். எங்கள் ஊரில் "ம்ம்" என்பதற்குச் சரி, வேண்டாம், யோசிக்கலாம், பசிக்கிறது என்று எல்லாப் பொருளும் உண்டு. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் எனக்குப் பாதி புரியும். இந்த "ம்ம்" மட்டும் எந்த வகை என்று பிடிபடவில்லை.

முதலில் போய்ப் பார்த்தது அறை வைத்த பெரிய படகு. உள்ளே படுக்கை, அடுப்பு, திரைச்சீலை எல்லாம் இருந்தது. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. காரின் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். என் கார் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். படகும் அதை ஏற்றி இழுக்கிற ட்ரெய்லரும் சேர்ந்தால் அதற்கு மேல் முந்நூறு கிலோ வந்தது.

"எல்லாரும் இழுத்துட்டுதான் போறாங்க" என்றார் விற்கிறவர்.

"எல்லாரும் பஸ் ஓட்டுறதில்லியே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது, கடையில் பளபளவென்று நின்ற அலுமினியப் படகு. விற்பனைப் பையன் அதன் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். மீன் எங்கே இருக்கிறது, ஆழம் எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று எல்லாம் சொல்லுமாம். என் வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆள் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அங்கே போய்ப் பார்க்க இன்னொரு கண்ணாடி எதற்கு? வேண்டாம் என்றேன்.

மூன்றாவதுதான் ரௌனியின் படகு. ரௌனிக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். வடக்கே எழுபது கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கு மேலே ஒரு பண்ணை வீட்டில் இருந்தார். முழங்கால் மூட்டை மாற்றிய பிறகு படகில் ஏறி இறங்க முடியவில்லை, அதனால் விற்கிறார். களஞ்சியத்துக்குள் ட்ரெய்லர் மேல் அது நின்றது. நாலே முக்கால் மீட்டர், வெள்ளை ஃபைபர், திறந்த படகு. பின்னால் பதினைந்து குதிரைத் திறன் மோட்டார். உள்ளே ஒரு ஜோடித் துடுப்பு.

ஃபோனில் படித்துவிட்டுப் போயிருந்தேன். தரையை மிதித்துப் பார்க்க வேண்டும், மெத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் அழுகியிருக்கிறது என்று அர்த்தம். ஏறி மூலைமூலையாக மிதித்தேன், எங்கும் அமுங்கவில்லை. மோட்டாரை இப்படியும் அப்படியும் ஆட்டி, அது மாட்டியிருக்கும் பின்பலகை அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. பின்பலகையின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை இருந்தது.

"இது எதுக்கு?"

"மழைத்தண்ணி வெளிய போறதுக்கு" என்றார் ரௌனி.

நல்ல யோசனைதான் என்று மெச்சினேன். சிரிக்க வேண்டாம். வயல்காட்டில் பிறந்தவளுக்குப் படகின் ஓட்டையைப் பற்றி என்ன தெரியும்? ரௌனி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போல் இருந்தது. பிறகு காபி போட உள்ளே போய்விட்டார்.

ஏலக்காய் மணக்கிற பன்னும் காபியும் கொடுத்துவிட்டு, அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"யார் ஓட்டப்போறா?"

"என் வீட்டுக்காரன்" என்றேன். "இன்னும் அவனுக்கே தெரியாது."

ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை, மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆலை, நாற்காலி, சவுனா, எல்லாம். முன்பின் தெரியாத ஒருவரிடம் அப்படிப் பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ரௌனி தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாயிரத்து எண்ணூறு யூரோன்னு போட்டிருந்தேன். ரெண்டாயிரத்து இருநூறு குடு போதும்" என்றார். "ட்ரெய்லர்ல முன்பக்கம் கனமா இருக்கணும்மா. பின்பக்கம் கனம் கூடினா பாம்பு மாதிரி நெளியும்."

அதையும் நான் கேட்டதால்தான் சொன்னார்: "இழுக்கும்போது எதைக் கவனிக்கணும்?" என்று. வேறு எதையும் நான் கேட்கவில்லை. அவரும் வேறு எதையும் சொல்லவில்லை.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தனியாகப் போய் இழுத்து வந்தேன். ஓஸ்மோவைக் கூப்பிட்டேன். "ம்ம்" என்றான். இந்த முறை அதற்கு வரமாட்டேன் என்று பொருள்.

காரின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டையில் ட்ரெய்லரின் கழுத்தை இறக்கிப் பூட்டினேன். தூக்கிப் பார்த்தேன், கழன்று வரவில்லை. பாதுகாப்புச் சங்கிலியை மாட்டினேன். விளக்கு வயரைச் சொருகி, ரௌனியைப் பின்னால் நிற்கவைத்து இடது, வலது, பிரேக் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். எல்லாம் எரிந்தன. எண்பதுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். எழுபதிலேயே கண்ணாடியில் படகின் மூக்கு இடமும் வலமும் ஆடியது. காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குவது போல் இருந்தது. பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்தேன். வேகம் குறைந்ததும் ஆட்டம் நின்றது. ஓரமாக நிறுத்தி, படகின் பின்பக்கம் கிடந்த பெட்ரோல் டப்பா, நங்கூரம், பேட்டரி எல்லாவற்றையும் தூக்கி முன்மூக்கில் திணித்தேன். சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பார்த்தேன், சூடில்லை. அதன் பிறகு வீடு வரைக்கும் ஒழுங்காக வந்தது. வாயை மூடிக்கொண்டு எழுபது கிலோமீட்டர் ஓட்டினேன், அது எனக்கே புதிது.

எங்களுடையது வரிசை வீடு. காருக்கு ஒரு இடம்தான். படகை விருந்தினர் வண்டிகள் நிற்கும் இடத்தில், ஓஸ்மோவின் ஜன்னலுக்கு நேரே நிறுத்தினேன். வேண்டுமென்றேதான் அங்கே நிறுத்தினேன். உள்ளே ஓடிவந்து, "எப்படி?" என்றேன்.

அவன் வெகுநேரம் பார்த்தான்.

"வெள்ளை" என்றான்.

அன்று இரவு உணவுக்குப் பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். படகு வந்து வாசலில் நிற்கிறது, அவன் நிறத்தைச் சொல்கிறான். இதற்கு மேல் நான் எதைக் கொண்டுவந்து நிறுத்துவது?

புதன்கிழமை காலை படகின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "இந்த இடம் விருந்தினர் வாகனங்களுக்கு மட்டும். ஞாயிறு காலைக்குள் அகற்றவும். நன்றி. இப்படிக்கு, ஒரு குடியிருப்பாளர்." பெயர் கிடையாது. மொத்தமே பதினோரு வீடு. நேரில் கதவைத் தட்டிச் சொல்வது மரியாதை இல்லை, பெயர் போடாமல் ஒட்டுவதுதான் இங்கே மரியாதை. யார் என்று கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே அந்த வீட்டுக்காரரைப் பார்த்துப் பெரிதாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சனிக்கிழமை படகைத் தண்ணீரில் இறக்கியே ஆக வேண்டும். படகுத்துறையில் ஓர் இடத்துக்குச் சொல்லி வைத்தேன்.

"எப்ப இறக்குற?" என்று அன்று மாலை ஓஸ்மோ கேட்டான்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு. வர்றியா?"

"ம்ம்."

வியாழக்கிழமை மழை கொட்டியது. எனக்குக் காலை வேலை. எங்கள் தெருவிலிருந்து இரண்டாவது நிறுத்தத்தில், மழைக்கோட்டும் தலைமூடியும் போட்ட ஓர் ஆள் நின்றிருந்தார். பஸ் பக்கத்தில் வந்ததும் முதுகைக் காட்டித் திரும்பி, கூரைக்கு உள்ளே இருக்கும் நேர அட்டவணையைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஊரில் கை காட்டினால்தான் பஸ் நிற்கும். கை காட்டாதவருக்காக நிறுத்தினால் பின்னால் வருகிற அத்தனையும் தாமதம். எனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மழையில் நிற்கத் தெரிகிறது, ஒரு கையைத் தூக்கத் தெரியவில்லையா? முணுமுணுத்துக்கொண்டே தாண்டிப் போனேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது ஓஸ்மோவின் காலணி வாசலில் ஈரமாக இருந்தது. குப்பை கொட்டப் போயிருப்பான் என்று நினைத்தேன். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. சமையல் மேடையில் ஒரு கேரட் கிடந்தது. ஒரு முனையைக் கத்தியால் சீவிச் சீவி, உருண்டையாக, கட்டைவிரல் மாதிரி ஆக்கியிருந்தான். சூப்புக்குக் காய் நறுக்க ஆரம்பித்துப் பாதியில் அலுத்துப்போய் விட்டுவிட்டான் போல. அவன் கத்தியைக் கையிலெடுத்தே எவ்வளவு நாளாயிற்று! அதையும் நறுக்கி சால்மன் மீன் சூப்பில் போட்டேன்.

சாப்பிடும்போது அவன் கரண்டியில் அந்தத் துண்டை எடுத்துச் சற்று நேரம் பார்த்தான். வாயோரத்தில் என்னவோ அசைந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கு."

சனிக்கிழமை காலை நான் ட்ரெய்லரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஓஸ்மோ முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். மழைக்கோட்டு போட்டிருந்தான். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

"கார்லயே இருப்பேன்" என்றான்.

"இரு, இரு. யார் உன்ன இறங்கச் சொன்னா?" என்றேன். மகிழ்ச்சியில் வயரைச் சொருக மூன்று தடவை ஆயிற்று.

படகு இறக்கும் சரிவில் அன்று பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மே மாதத்துச் சனிக்கிழமை. அவரவர் படகை இறக்கி முடித்துவிட்டு ஃபிளாஸ்க்கும் கோப்பையுமாக, தண்ணீருக்குள் நீளும் மரப்பாலத்தில் சாய்ந்து நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்காதது போல் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காரைத் திருப்பி, ட்ரெய்லரைச் சரிவுக்கு நேராக வைத்து, பின்னால் எடுத்தேன். ட்ரெய்லர் இடதுபக்கம் ஓடியது. முன்னால் வந்தேன். மறுபடி எடுத்தேன். வலதுபக்கம் ஓடியது. பதினெட்டு மீட்டர் பஸ்ஸை இந்த ஊரின் சந்துகளில் வளைக்கிறவள் நான். ஆனால் பயணிகளோடு பஸ்ஸைப் பின்னால் எடுக்கக்கூடாது என்பது டிப்போ விதி, இருபத்தோரு வருடமாக நான் முன்னால் மட்டுமே போய்க்கொண்டிருக்கிறேன். மூன்றாவது முறை ட்ரெய்லர் குறுக்கே மடிந்து நின்றது. பாலத்தில் ஒருவர் தன் காபியை ஆழமாகப் பார்த்தார். நான் அவமானப்படக்கூடாது என்று கண்ணைத் தாழ்த்துகிறாராம். அந்த மரியாதைதான் என்னை இன்னும் எரித்தது.

ஓஸ்மோ நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு எப்படின்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப சொல்லேன்!"

"கையை ஸ்டீயரிங்குக்கு அடியில வை. மேல இல்ல, அடியில. கை எந்தப் பக்கம் போகுதோ, ட்ரெய்லரும் அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் கொஞ்சமா."

வைத்தேன். போனது. சொன்ன பேச்சைக் கேட்டு நேராகப் பின்னால் போனது.

"இவ்வளவு நேரம் வாயத் தொறக்காம உக்காந்திருந்தியே!"

"நீ கேக்கல."

பல்லைக் கடித்துக்கொண்டேன். சக்கரங்கள் தண்ணீர் ஓரத்தைத் தொட்டன. பாலத்தில் பேச்சு நின்றது. ஏற்கெனவே அதிகமாக ஒன்றும் இருக்கவில்லை, இருந்ததும் நின்றது. எல்லாத் தலைகளும் என் படகின் பின்பக்கம் திரும்பியிருந்தன. நம் படகு அவ்வளவு அழகு போலிருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் பின்னால் எடுக்கக் காலை வைத்தேன்.

"நிறுத்து" என்றான் ஓஸ்மோ.

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. அவனாகத்தான் சொன்னான். பிரேக்கை ஒரே மிதி மிதித்தேன். அவன் கதவைத் திறந்தான், இறங்கினான். காரிலேயே இருப்பேன் என்றவன் சரிவில் நடந்து பின்னால் போனான். நானும் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். அவன் காலணியோடு கணுக்கால் தண்ணீரில் இறங்கி நின்று, மழைக்கோட்டுப் பையில் கையை விட்டு, கறுப்பு ரப்பர் தக்கை ஒன்றை எடுத்தான். பின்பலகையின் அடியிலிருந்த ஓட்டையில் அதைச் சொருகித் திருகினான். பிறகு உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

பாலத்தில் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழைத்தண்ணீர் வெளியே போகிற வழியில் ஏரித்தண்ணீர் உள்ளே வராதா என்ன? கரையில் நிற்கும்போது திறந்திருக்க வேண்டும், தண்ணீரில் இறங்கும்போது அடைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த நாட்டில் நாலு வயதுக் குழந்தைக்குத் தெரிந்த சங்கதி. ரௌனியின் வீட்டு மேசை டிராயரில் அந்தப் படகின் பழைய தக்கை பத்திரமாக இருந்தது, பிறகு ஃபோன் செய்தபோது, "நீ வேற ஒண்ணு வெச்சிருப்பேன்னு நினைச்சேன்மா. நீ கேக்கவே இல்லியே" என்றார்.

நான் பாலத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

"ஏங்க, நீங்க எல்லாரும் பாத்தீங்கதானே? ஓட்டை தெரிஞ்சுதுதானே?"

தாடிவைத்த ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"ஏதாவது காரணத்தோட வெச்சிருப்பீங்கன்னு..." அவர் தன் காலணியைப் பார்த்தார். "கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

"படகு முழுகினப்புறம் கேக்கவா? நல்ல ஆளுங்கய்யா நீங்க! பன்னெண்டு பேர், பன்னெண்டு வாய், காபி குடிக்க மட்டும்தான் தொறக்குமா? நான் பஸ்ஸ ஓட்டிட்டுப் போய் மரத்துல முட்டினாலும், ஏதோ காரணமாத்தான் முட்டுறான்னு வேடிக்கை பாப்பீங்களா?"

அந்தச் சரிவில் அதுவரை அவ்வளவு சத்தம் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். தாடிக்காரர் சிவந்துபோய், கோப்பையைப் பாலத்தில் வைத்துவிட்டு வந்து படகின் கயிற்றைப் பிடித்தார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு. எனக்கும் அது போதும்.

படகு வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. மிதந்தது. கயிறு ஓஸ்மோவின் கைக்குப் போனது.

"நீ போய்க் கார நிறுத்திட்டு வா" என்றான்.

காரையும் வெறும் ட்ரெய்லரையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். இருநூறு அடிதான் இருக்கும். அந்த இருநூறு அடியும் எனக்கு ஒரே பயம். தக்கையைப் போட்டான், நல்லது. இப்போது கயிற்றை யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்து, "வீட்டுக்குப் போலாம்" என்பான். நாளையிலிருந்து மறுபடி அந்த ஜன்னல். அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது பாலத்தின் ஓரம் படகு நின்றது. ஓஸ்மோ நடுப்பலகையில் உட்கார்ந்து துடுப்புகளை மாட்டிக்கொண்டிருந்தான். லைஃப் ஜாக்கெட்டைக்கூடப் போட்டுக்கொண்டிருந்தான். என்னுடையதைப் பின்னாலிருந்த இருக்கையில் விரித்து வைத்திருந்தான்.

"மோட்டார் எதுக்கு இருக்கு?"

"அப்புறம் போடலாம். முதல்ல இது."

ஏறி உட்கார்ந்தேன். அவன் பாலத்தைத் தள்ளிவிட்டுத் துடுப்பு வலிக்க ஆரம்பித்தான். முதல் நாலு இழுப்பு கோணலாகப் போனது, பிறகு தோள்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது போல நேரானது. ஏரி அசையாமல் கிடந்தது. துடுப்பு எழும்போது நீர் சொட்டும் சத்தம், மறுபடி உள்ளே போகும் சத்தம், வேறொன்றும் இல்லை. கரையில் இருந்தவர்கள் சிறியவர்களானார்கள். நான் ஓட்டை இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

"தக்கை ஏது?"

"வாங்கினேன்."

"எப்ப?"

"வியாழக்கிழமை. புதன்கிழமை நீ வேலைக்குப் போனப்புறம் வெளிய போய்ப் படகப் பாத்தேன். தக்கை இல்ல."

அவன் தான் செய்ததைப் பற்றி அவ்வளவு பேசிக் கேட்டு ஆறு மாதமாயிருந்தது. குறுக்கே பேசக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"என்ன அளவுன்னு தெரியல. அதான் கேரட்ட சீவி ஓட்டையில வெச்சுப் பாத்தேன். அத எடுத்துட்டுத் துறைமுகத்துக் கடைக்குப் போனேன். இந்த அளவுக்குக் குடுங்கன்னேன். அந்தாளு கேரட்ட வாங்கி எல்லா டப்பாவுலயும் வெச்சுப் பாத்து எடுத்துக் குடுத்தார். எதுக்குக் கேரட்டுன்னு ஒரு வார்த்த கேக்கல."

"ஐயய்யோ, நான் அத சூப்புல போட்டுட்டேனே!"

"ஆமா."

"ஓட்டையில வெச்சத!"

"கழுவித்தான் மேடையில வெச்சேன்" என்றான். "நல்லாத்தான் இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தேன், படகு ஆடியது. அவனும் சிரித்தான். அவன் முன்பல் ஒன்று லேசாகக் கோணல். அந்தப் பல்லைப் பார்த்துக் காலம் ஆகியிருந்தது.

சிரித்து முடித்தபோதுதான் கேட்கத் தோன்றியது. துறைமுகத்துக் கடை எங்கள் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். கார் அன்று டிப்போவில் என்னோடு இருந்தது.

"எப்படிப் போன?"

"பஸ்ஸுல."

அவன் துடுப்பை நிறுத்தினான். படகு தானாகவே கொஞ்ச தூரம் போயிற்று.

"முதல் பஸ் நீ ஓட்டிட்டு வந்தது. தூரத்துலயே தெரிஞ்சுருச்சு. முதுகத் திருப்பிட்டு அட்டவணையப் படிச்சேன். நீ போயிட்ட. அடுத்ததுல ஏறினேன்."

மழைக்கோட்டு ஆள். தலைமூடி. நான் திட்டிக்கொண்டே தாண்டிப்போன முதுகு. ஆறு மாதமாக வீட்டை விட்டு வெளியே வராதவன், அந்த மழையில், எனக்காக ஒரு ரப்பர்த் துண்டு வாங்க நின்றிருக்கிறான். நானோ, ஒரு கையைத் தூக்கத் தெரியவில்லையா என்று எரிந்துவிழுந்துகொண்டு போயிருக்கிறேன். அவனை எவ்வளவு நேசிக்கிறேன் என்று எனக்கு அப்போது தெரிந்தது. எவ்வளவு பயந்துபோய் இருந்தேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"ஏன்டா என் பஸ்ஸுல ஏறல?"

அவன் தண்ணீரைப் பார்த்தான்.

"கடை வரைக்கும் போக முடியுமான்னு எனக்கே தெரியல. ரெண்டு நிறுத்தத்துல இறங்கித் திரும்பிட்டா? அத நீ பாக்க வேணாம்னு நினைச்சேன்."

நான் எட்டி அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். படகு சாய்ந்தது, அவன் பலகையைப் பற்றிக்கொண்டான். சற்று நேரம் அப்படியே மிதந்தோம். கரையில் யாரோ மோட்டாரைக் கிளப்பினார்கள், அது தூரத்தில் போய் அடங்கியது.

"அடுத்த தடவ கையக் காட்டு" என்றேன். "நான் நிறுத்துறேன்."

"ம்ம்" என்றான் ஓஸ்மோ.

இந்த "ம்ம்" எது என்று எனக்குத் தெரிந்தது. அவன் மறுபடி துடுப்பை எடுத்து வலிக்கத் தொடங்கினான்.